பட்டன் காட்டிக் கொடுத்தா அது பாடமா?

நம்ம ஆலய பக்தர்களே, பெற்றோர்களே, இளைஞர்களே.

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. பிடிக்கலன்னா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டுங்க.

மண்டபத்துக்குப் பின்னால இருக்கிற சின்ன அறையில சனிக்கிழமை மாலை நடக்கிற கணினி வகுப்பைப் பத்தி மூணு வாரமா புலனக் குழுவுல பேச்சு ஓடுது. "ஆறு மாசமா இழுக்கிறாங்க, இன்னும் ஒரு சர்டிபிகேட் கண்ணுல காட்டல" என்று ஒரு பக்கம். "மத்த இடத்துல ரெண்டே நாள்ல வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் மூணையும் முடிச்சு, மேடை போட்டு, ஒய்.பி.யைக் கூப்பிட்டு சான்றிதழ் கொடுக்கிறாங்க, நம்ம ஆளுங்க பிள்ளைங்களுக்கு 0, 1ன்னு கணக்குப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க" என்று இன்னொரு பக்கம். அடுத்த நிர்வாகக் கூட்டத்துல வகுப்பை ரெண்டு நாள் முகாமா மாத்தணும்னு தீர்மானம் வரப் போகுதுன்னு கேள்விப்பட்டோம்.

வகுப்பு நடத்துற தொண்டர்கள் நாங்க இதை எதிர்க்கிறோம். முணுமுணுக்காம பகிரங்கமாவே எதிர்க்கிறோம். காரணத்தையும் சொல்லிடுறோம்.

முதல்ல ஒண்ணு. எங்கள்ல யாரும் கணினி மேதை இல்ல. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தர், கல்லூரி மாணவர்கள் ரெண்டு பேர், எஸ்பிஎம்மோட நின்னு முப்பது வருஷத்துக்கு மேல தொழிற்சாலையில வேலை பார்த்து இப்போ சூப்பர்வைசரா இருக்கிறவர் ஒருத்தர். இந்தப் பதிவை டைப் பண்றவரும் அவர்தான். அதனால பெரிய வார்த்தை எதுவும் இதுல வராது.

*ரெண்டு நாள்ல என்ன வரும்?*

ரெண்டு நாள் முகாம்ல என்ன சொல்லித் தருவாங்கன்னு எங்களுக்குத் தெரியும். ஒரு கையேடு கொடுப்பாங்க. இங்க தட்டு, எழுத்து தடிமனாகும். அங்க தட்டு, கட்டம் வரும். இதை இழு, கூட்டல் வரும். பிள்ளை தட்டும், வரும், கை தட்டுவோம். திங்கட்கிழமை அந்தப் பட்டன் வேற இடத்துல இருந்தா பிள்ளை நின்னுடும்.

இது கற்பனை இல்ல. 2007ல மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் புதுப் பதிப்பு வந்தப்போ, அதுவரைக்கும் மேலே இருந்த பழைய மெனுவை எடுத்துட்டு 'ரிப்பன்'னு ஒரு பட்டையை வச்சாங்க. ஃபைல், எடிட், வியூன்னு வரிசையா மனப்பாடம் பண்ணி வச்சிருந்தவங்க ஆபிஸ்ல திண்டாடிப் போனாங்க. எது எங்க இருக்குன்னு தேடவே பல வாரம் ஆச்சு. ஆனா "நமக்கு என்ன வேணும், அதுக்கு இந்த மென்பொருள் என்ன செய்யும்"னு புரிஞ்சவங்க சீக்கிரமா தேடிக் கண்டுபிடிச்சு வேலையைத் தொடர்ந்தாங்க.

கொஞ்சம் பின்னால போய்ப் பாருங்க. கணக்குத் தாள் மென்பொருளை மக்கள் மேசைக் கணினிக்குக் கொண்டு வந்தது விசிகால்க், 1979ல. டேன் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன்னு ரெண்டு பேர் செஞ்சது. 1983ல லோட்டஸ் 1-2-3 வந்து அதை ஓரங்கட்டிச்சு. 1985ல எக்செல் வந்துச்சு, அதுவும் முதல்ல மெக்கின்டாஷ் கணினிக்குத்தான். இன்னைக்கு நம்ம பிள்ளைங்க பள்ளியில டெலிமா கணக்கு வச்சுக்கிட்டு கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துறாங்க. வேலைக்குப் போனா அங்க எக்செல் இருக்கும். பத்து வருஷம் கழிச்சு வேற ஒண்ணு இருக்கும்.

பெயர் மாறிச்சு, நிறம் மாறிச்சு, பட்டன் மாறிச்சு. மாறாதது எது? ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு முகவரி உண்டு. ஒரு கட்டத்துல இருக்கிற ஃபார்முலா இன்னொரு கட்டத்தைப் பார்த்து கணக்குப் போடும். அங்க எண்ணை மாத்தினா இங்க விடை தானா மாறும். 1979ல இருந்த இந்த விஷயம் இன்னைக்கும் அப்படியே இருக்கு. இதைப் புரிஞ்ச பிள்ளை எந்த மென்பொருளைக் கொடுத்தாலும் உட்கார்ந்து தேடிக் கத்துக்கும். இதைப் புரியாத பிள்ளைக்கு ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் ஒரு முகாம் வைக்கணும்.

*பேக்டரியில நாங்க பார்க்கிறது*

தொழிற்சாலையில வேலை செய்றவங்களுக்கு இது உடனே புரியும். ஒரு மெஷின்ல பச்சைப் பட்டன் தட்டினா ஓடும், சிவப்பு தட்டினா நிக்கும். அதை அரை நாள்ல யாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஆனா மெஷின் தானா நின்னா? பட்டன் மட்டும் தெரிஞ்சவர் மறுபடியும் பச்சையைத் தட்டுவார். மூணு தடவை தட்டுவார். அப்புறம் டெக்னீஷியனைக் கூப்பிடுவார். டெக்னீஷியன் வந்து சென்சார்ல தூசியைத் துடைப்பார், ஓடும். ரெண்டு பேருக்கும் சம்பளம் ஒண்ணா? இல்ல. அந்த வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சு? ஒருத்தருக்கு "எப்படி ஓட்டுறது"ன்னு தெரியும். இன்னொருத்தருக்கு "ஏன் ஓடுது"ன்னு தெரியும்.

டொயோட்டா தொழிற்சாலையில தைச்சி ஓனோ ஒரு பழக்கத்தைப் பரப்பினார். ஒரு கோளாறு வந்தா அஞ்சு தடவை 'ஏன்' கேளு. முதல் 'ஏன்'ல கிடைக்கிற பதிலோட நின்னுடாதே. நம்ம நாட்டுல எத்தனையோ தொழிற்சாலைச் சுவர்ல இன்னைக்கும் இது ஒட்டியிருக்கு. நாங்க வகுப்புல செய்றதும் இதுதான். "கூட்டல் தப்பா வருது, ஏன்?" பிள்ளைங்க அஞ்சு தடவை ஏன் கேட்கிற வரைக்கும் நாங்க விடையைச் சொல்றதில்ல. அதனாலதான் ஆறு மாசம் ஆகுது.

*நம்ம கோயில் பட்டியலையே எடுத்துக்குவோம்*

உபயதாரர் பட்டியல் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். பெயர், தொலைபேசி, அடையாள அட்டை எண், வீட்டு எண், தொகை. நாங்க இதே மாதிரி ஒரு போலிப் பட்டியல் தயார் பண்ணித்தான் பாடம் நடத்துறோம். உண்மையான பக்தர்களோட விவரத்தைப் பிள்ளைங்க கையில கொடுக்கிறதில்ல. அடுத்தவங்க விவரத்தை எப்படிப் பத்திரமா வச்சிருக்கணும் என்பதும் பாடத்துல ஒரு பகுதி.

பட்டன் மட்டும் கத்துக்கிட்ட பிள்ளை அந்தப் பட்டியலை எக்செல்ல ஏத்தினா என்ன நடக்கும்? அஞ்சு விஷயம் சொல்றோம்.

ஒண்ணு. தொகை எழுதுற கட்டத்துல சிலர் 50ன்னு போடுவாங்க, சிலர் "50 வெள்ளி"ன்னு போடுவாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா "50 வெள்ளி"ன்னு போட்டது கணினிக்கு எண் இல்ல, எழுத்து. கூட்டல் ஃபார்முலா அதைச் சத்தமில்லாம தாண்டிப் போயிடும். சிவப்பு விளக்கு எரியாது, எச்சரிக்கை வராது. மொத்தத் தொகை குறைவா வரும். அப்புறம் என்ன? "பொருளாளர் காசை எடுத்துட்டார்"னு ஊர்ல பேச்சு வரும். எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்ச பிள்ளை ஒரு பார்வையிலேயே கண்டுபிடிக்கும். நாம எதையும் மாத்தாம விட்டா எக்செல் எண்ணை வலது பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தை இடது பக்கம் ஒட்டி வைக்கும்.

ரெண்டு. தொலைபேசி எண் 012ன்னு ஆரம்பிச்சா முன்னால இருக்கிற 0 காணாமப் போகும். 2008ல பிறந்த பிள்ளையோட அடையாள அட்டை எண் 08ன்னு ஆரம்பிக்கும், அதுலயும் முதல் 0 போயிடும். முழு 12 இலக்கம் இருக்கிற பெரியவங்க எண்ணை நடுவுல கோடு இல்லாம அடிச்சா, புள்ளி வச்சு, 'ஈ' எழுத்து போட்டு, கூட்டல் 11ன்னு ஏதோ ஒண்ணு காட்டும். பிள்ளை பயந்து அழிச்சிட்டு மறுபடியும் அடிக்கும், மறுபடியும் அதேதான் வரும். இங்க பாடம் என்ன தெரியுமா? ரெண்டு பேரோட அடையாள அட்டை எண்ணை யாராவது கூட்டிப் பார்ப்பாங்களா? மாட்டாங்க. கூட்டிக் கழிக்க உதவாத எண், எண்ணே இல்ல. அது ஒரு பெயர். அதை எழுத்தாத்தான் வச்சிருக்கணும். இந்த ஒரே கருத்து புரிஞ்சா தொலைபேசி, அடையாள அட்டை, அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு எல்லாத்துக்கும் சேர்த்துப் பாடம் முடிஞ்சது.

மூணு. அடுக்குமாடி வீட்டு எண் 3-5ன்னு அடிச்சா எக்செல் அதைத் தேதின்னு நினைச்சு மே 3 ஆகவோ மார்ச் 5 ஆகவோ மாத்திடும். சிரிக்காதீங்க. மரபணு ஆராய்ச்சி செய்ற விஞ்ஞானிகளே இதுல மாட்டினாங்க. 'மார்ச்1', 'செப்ட்1'ன்னு பெயர் வச்ச மரபணுக்களை எக்செல் தேதியா மாத்திக்கிட்டே இருந்ததால, மரபணுக்களுக்குப் பெயர் வைக்கிற சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாத்திட்டு, 2020ல அதுக்குப் புது விதிமுறையையும் வெளியிட்டுச்சு.

நாலு. தொகை நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தினா, எக்செல் "பக்கத்துல இருக்கிறதையும் சேர்க்கவா?"ன்னு ஒரு கேள்வி கேட்கும். அர்த்தம் புரியாம பிள்ளை "வேணாம்"னு தட்டினா தொகை எல்லாம் இடம் மாறும், பெயர் அங்கேயே நிக்கும். 20 வெள்ளி கொடுத்தவர் பக்கத்துல 1,000 வெள்ளி வந்து உட்காரும். ஒரு வரிசை என்றால் ஒரு குடும்பம், அதைப் பிரிக்கக் கூடாது என்று புரிஞ்ச பிள்ளை இந்தத் தப்பைச் செய்யாது.

அஞ்சு. காசு கட்டினவங்களுக்கு மஞ்சள் அடிக்கிறது. பல இடத்துல இது வழக்கம். பார்க்க அழகா இருக்கும். ஆனா எத்தனை பேர் பாக்கின்னு கேட்டா, விரல் வச்சு எண்ணணும். மஞ்சளை நேரா எண்ணுற ஃபார்முலா எக்செல்ல இல்ல. "கட்டியாச்சா"ன்னு தனி நெடுவரிசை வச்சு ஆம், இல்லைன்னு போட்டா ஒரே ஃபார்முலாவுல விடை வரும். தகவல் வேற, அலங்காரம் வேற. இதுதான் பாடம்.

இந்த அஞ்சுல எந்தப் பிரச்சினையாவது பட்டன் தெரியாததால வந்ததா? எல்லாம் உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியாததால வந்தது.

*"0, 1 எதுக்கு?"ன்னு கேட்டவங்களுக்கு*

புலனத்துல அதிகமா கிண்டல் அடிச்சது இதைத்தான். பதில் சொல்றோம்.

எக்செல்ல ஒரு தாள்ல எத்தனை வரிசை இருக்குன்னு ஒரு மாணவி கேட்டா. கீழே வரைக்கும் போய்ப் பார்க்கச் சொன்னோம். 10,48,576. "ஏன் சார், பத்து லட்சம்னு முழுசா வைக்காம இப்படி ஒரு எண்?" கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி பாருங்க. 2ஐ 20 தடவை பெருக்கினா அந்த எண் வரும். கணினிக்குள்ள எல்லாமே 0, 1 ரெண்டே நிலைதான், அதனால அதோட எல்லைகள் பல ரெண்டோட பெருக்கமா இருக்கும். பழைய எக்செல் கோப்புல 65,536 வரிசைதான். 2ஐ 16 தடவை பெருக்குங்க, அதே எண் வரும்.

இது தெரிஞ்சு என்ன பிரயோஜனம்னு கேட்டா இங்கிலாந்தைக் கேளுங்க. 2020ல கோவிட் காலத்துல, அங்க பொதுச் சுகாதார அமைப்பு பரிசோதனை முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புல ஏத்தினாங்க. வரிசை எல்லை முட்டிச்சு. அதுக்கு மேல வந்தது உள்ளே ஏறவே இல்ல. செப்டம்பர் கடைசி வாரத்துலயும் அக்டோபர் முதல் ரெண்டு நாள்லயும் 15,841 பேருக்கு நோய் உறுதியான தகவல் தினசரிக் கணக்குல விட்டுப் போச்சு. அவங்களோட பழகினவங்களைத் தேடிச் சொல்ற வேலையும் தாமதமாச்சு. படிச்சவங்கதான், எக்செல் பட்டன் எல்லாம் தெரிஞ்சவங்கதான். அந்தக் கோப்புக்கு ஒரு கொள்ளளவு உண்டுங்கிறதை யாரும் கவனிக்கல. பெரிய அண்டாவுல கொதிக்கிற பாயசத்தைச் சின்னப் பாத்திரத்துல ஊத்தினா வழியும்னு அன்னதானக் கூடத்துல நமக்குத் தெரியும். கணினியில வழிஞ்சது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

படமும் அப்படித்தான். வேலை விண்ணப்பத்துல படம் ஏத்தினா "கோப்பு பெரிசு"ன்னு திருப்பி அனுப்புது. பிள்ளை என்ன செய்யுது? படத்தை மூலையைப் பிடிச்சு இழுத்துச் சின்னதாக் காட்டி மறுபடியும் அனுப்புது. திரையில சின்னதாச்சு, கோப்பு அப்படியேதான் இருக்கு. படம் என்றால் புள்ளிகள். 4000க்கு 3000ன்னா 1 கோடியே 20 லட்சம் புள்ளி. நீளத்தையும் அகலத்தையும் பாதியாக்கினா 30 லட்சம், அதாவது கால் பங்கு. இதை ஒரு நாள் மாலையில சொல்லிக் கொடுத்தோம். இனிமே அந்தப் பிள்ளைங்க சைபர் கஃபேல காசு கொடுத்து "அண்ணே சின்னதாக்கிக் கொடுங்க"ன்னு நிக்க வேண்டியதில்ல.

*தமிழ் எழுத்தும் இதுல இருக்கு*

கோயில் பழைய அழைப்பிதழ் கோப்புகளைத் திறந்தா சில கணினியில ஏதோ ஆங்கில எழுத்தும் குறியுமா கொட்டிக் கிடக்கும். "வைரஸ் வந்துடுச்சு"ன்னு அழிச்சவங்க உண்டு. வைரஸ் இல்ல. அந்தக் காலத்துல பல தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துக்கும் மத்த குறிகளுக்கும் உரிய இடத்துல தமிழ் வடிவத்தை வரைஞ்சு வச்சிருந்தாங்க. அந்த எழுத்துரு இல்லாத கணினி, உள்ளே இருக்கிறதை அப்படியே ஆங்கிலமாக் காட்டுது.

யூனிகோட் வந்த பிறகு தமிழுக்குன்னே தனி எண்கள் இருக்கு. 'அ' என்றால் 2949. உலகத்துல எந்தக் கணினியிலயும், எந்தக் கைப்பேசியிலயும் 2949தான். அதனாலதான் இந்தப் பதிவை நீங்க இப்போ படிக்க முடியுது. தமிழைக் கணினிக்குக் கொண்டு வந்தவங்கள்ல முன்னணியில இருந்தவர், முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், நம்ம மலேசியர். இந்தப் பெருமையை மேடையில பேசுறோம். பிள்ளைங்களுக்கு அவர் செஞ்ச வேலை என்னன்னு புரிய வச்சோமா?

வகுப்புல ஒரு சின்னச் சோதனை. எக்செல்ல 'தமிழ்'ன்னு எழுதி அதுல எத்தனை எழுத்துன்னு ஃபார்முலாவைக் கேளுங்க. நமக்கு மூணு. எக்செல் 5ன்னு சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, மேல இருக்கிற புள்ளி. அஞ்சையும் தனித்தனி எண்ணா வச்சிருக்கு. தமிழ்ப்பள்ளியில படிச்ச பிள்ளைங்க இதைப் பார்த்தப்போ அவங்க முகத்தை நீங்க பார்த்திருக்கணும். இதை எந்த ரெண்டு நாள் கையேட்டுல போடுவாங்க?

*எதிர்வாதமும் கேட்டோம்*

"எங்க பையனுக்கு உடனே வேலை வேணும், இதெல்லாம் ஆடம்பரம்"னு ஒரு தாய் சொன்னாங்க. அவங்க வலி எங்களுக்குத் தெரியும், ராத்திரி ஷிப்ட் பார்த்துப் பிள்ளையை வளர்க்கிறவங்க. அம்மா, பட்டன் சொல்லித் தர மாட்டோம்னு நாங்க சொல்லவே இல்ல. வேர்ட்ல கடிதம், எக்செல்ல பட்டியல், பவர்பாயிண்ட்ல படைப்பு எல்லாம் செய்றோம். கடிதம் அடிக்கும்போதே, அடுத்த பக்கத்துக்குப் போக என்டரை இருபது தடவை தட்டாம பக்கம் உடைக்கிறது ஏன் நல்லதுன்னு சேர்த்துச் சொல்றோம். வேலை நேர்காணலுக்கு வர்ற பிள்ளைங்களை எங்க இடத்துலயே பார்க்கிறோம். சர்டிபிகேட் நாலு வச்சிருக்கும். ஒரு வார உற்பத்திக் கணக்கைக் கொடுத்து ஷிப்ட் வாரியா மொத்தம் எடுன்னு சொன்னா, கைப்பேசியில கால்குலேட்டரைத் திறந்து கூட்டி, விடையை எக்செல்ல டைப் பண்ணும். அந்தப் பிள்ளை மேல எங்களுக்குக் கோபம் இல்ல. அதுக்கு அந்தக் காகிதத்தைக் கொடுத்து ஏமாத்தினவங்க மேலதான் கோபம்.

"பள்ளியிலேயே சொல்லித் தர்றாங்களே"ன்னு சிலர். உண்மைதான். 2017லிருந்து இடைநிலைப்பள்ளி கீழ்ப் படிவங்கள்ல அடிப்படைக் கணினி அறிவியல் பாடம் இருக்கு. ஆனா அது எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கிறதில்ல. பல பிள்ளைங்க அதுக்குப் பதிலா வடிவமைப்பும் தொழில்நுட்பமும் எடுக்கிறாங்க. எடுத்த பிள்ளைங்களும் வீட்டுல கணினி இல்லாம கைப்பேசியில மட்டும் வளர்ந்தவங்க. "கோப்பை எங்க சேமிச்சே?"ன்னு கேட்டா "வாட்ஸ்அப்புல இருக்கு சார்"ங்கிறாங்க. கோப்பு, கோப்புறை, அது இந்தக் கணினியில இருக்கா, இல்ல எங்கேயோ ஒரு நிறுவனத்தோட கணினியில இருக்கா, இந்த வித்தியாசத்தையே உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கு.

மறுபக்கமும் சொல்லிடுறோம். வெறும் சூத்திரமா மனப்பாடம் பண்ண வைக்கிற வகுப்பையும் நாங்க ஏத்துக்கல. உள்ளீடு, வெளியீடு, செயலின்னு பெட்டி பெட்டியா படம் வரைஞ்சு வர்ணம் அடிச்சு மதிப்பெண் வாங்கிட்டு, ஒரு கோப்பை இடம் மாத்தத் தெரியாத பிள்ளைங்களையும் பார்த்திருக்கோம். கருத்து தனியா, கை வேலை தனியான்னு பிரிச்சாலே ரெண்டும் வீணாப் போகும்.

கடைசியா வந்தது இது: "இனிமே சாட்ஜிபிடி கிட்ட கேட்டா எல்லாம் செஞ்சு கொடுக்கும், எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" சரி, கேளுங்க. ஃபார்முலா கொடுக்கும். பல நேரம் சரியா இருக்கும், சில நேரம் தப்பா இருக்கும், ரெண்டையும் ஒரே தைரியத்தோட சொல்லும். எது சரி, எது தப்புன்னு யார் பார்க்கிறது? "50 வெள்ளி" எழுத்துன்னு தெரியாத பிள்ளை எதைச் சரிபார்க்கும்? கார் தானா ஓடுற காலம் வரலாம். ஆனா எங்க போகணும்னும், வந்த இடம் சரிதானான்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியணுமே.

*இது யாருக்கான சண்டை?*

வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நம்ம வகுப்பு தேவையே இல்ல. வீட்டுல மடிக்கணினி, மாசம் முன்னூறு நானூறு கட்டி டியூஷன், கேள்வி கேட்டா பதில் சொல்ல அப்பா. நம்ம அறைக்கு வர்றது யாரு? பிளாட்ல இருந்து மோட்டார்ல மூணு பேரா வர்ற பிள்ளைங்க, பாட்டி கைப்பிடிச்சுக் கூட்டி வர்ற பிள்ளைங்க. பக்தர்கள் கொடுத்த பழைய மடிக்கணினியில ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு உட்கார்றாங்க. அவங்களுக்கு மட்டும் ஏன் மேலோட்டமான பாடம்? "இவங்களுக்கு இது போதும்"னு யார் முடிவு பண்ணது?

நம்ம தாத்தா பாட்டி தோட்டத்துல வேலை செஞ்சப்போ செக்ரோல் புத்தகம் கிராணி கையில இருந்துச்சு. அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம கைநாட்டு வச்சவங்க எத்தனை பேர். பேர் விழுந்தா கூலி, விழலன்னா இல்ல. கேட்கத் தெரியாது, கேட்டா புரியாது. அந்த நிலைமையில இருந்து வெளியே வரத்தான் தமிழ்ப்பள்ளி கட்டினாங்க, பிள்ளைங்களைப் படிக்க வச்சாங்க. இன்னைக்கு செக்ரோல் கணினிக்குள்ள போயிடுச்சு. சம்பளம், இபிஎஃப், சொக்சோ, விடுப்பு, உற்பத்தி இலக்கு எல்லாம் அங்கதான் இருக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னு தெரியாம, காட்டின இடத்துல தட்டுற பிள்ளையை உருவாக்கினா, அது விரல் மையில்லாத கைநாட்டுதான். அதுக்கு மாலை போட்டு, மேடை போட்டு, படம் எடுத்து முகநூல்ல போடணுமா?

கோயில்ல கணினி வகுப்பு எதுக்குன்னும் சிலர் கேட்டாங்க. அன்னதானத்துல பந்தியில உட்கார்றவருக்கு அரை வயித்துக்குச் சோறு போட்டு "போய்ட்டு வாங்க"ன்னு அனுப்புவோமா? ரெண்டாவது தடவை கேட்டுப் போடுறதுதானே நம்ம வழக்கம். அறிவுக்கு மட்டும் ஏன் அரை வயிறு?

*நாங்க கேட்கிறது*

நிர்வாகத்துக்கு: வகுப்பு ஆறு மாசம் அப்படியே நடக்கட்டும். சான்றிதழ் கொடுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வருகைக்குக் கொடுக்காதீங்க, வேலைக்குக் கொடுங்க. கடைசி வாரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேணும்னே தப்பு பண்ணி வச்ச ஒரு பட்டியலைக் கொடுப்போம். எங்க தப்பு, ஏன் தப்பு, எப்படித் திருத்தினேன்னு மூணையும் பெற்றோர் முன்னால வாயால சொல்லட்டும். சொன்ன பிள்ளைக்கு யார் வேணா சான்றிதழ் கொடுக்கலாம். ஒய்.பி. வந்தா அவரும் உட்கார்ந்து கேட்கட்டும்.

பெற்றோருக்கு: சனிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "சர்டிபிகேட் எப்போ?"ன்னு கேட்காதீங்க. "இன்னைக்கு எது ஏன் அப்படி நடக்குதுன்னு கத்துக்கிட்டே?"ன்னு கேளுங்க. உங்களுக்குக் கணினி தெரியணும்னு அவசியமே இல்ல. பிள்ளை உங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா அதுக்குப் புரிஞ்சிருக்கு. "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா"ன்னு சொன்னா அதுக்கே புரியல.

பக்தர்களுக்கு: வீட்டு அலமாரியில சும்மா கிடக்கிற மடிக்கணினி இருந்தா கொண்டு வந்து கொடுங்க. மெதுவா ஓடினாலும் பரவாயில்ல, லிப்ரே ஆபிஸ் இலவசம், நாங்க போட்டுக்குவோம். உங்க சொந்தக் கோப்புகளை முதல்ல எடுத்துட்டுக் கொடுங்க. ஆபிஸ்ல வேலை செய்றவங்க மாசத்துல ஒரு சனிக்கிழமை வந்து, உங்க வேலையில எந்த இடத்துல ஆளுங்க தப்பு பண்றாங்கன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க. அதைவிடப் பெரிய பாடப் புத்தகம் எங்ககிட்ட இல்ல.

ரெண்டு நாள் முகாம்தான் வேணும்னு நினைக்கிறவங்களும் வாங்க. சனிக்கிழமை மாலை அஞ்சு மணிக்கு வந்து பின்னால நாற்காலி போட்டு உட்காருங்க. ஒரு வகுப்பு முழுசா பாருங்க. பார்த்துட்டு உங்க ஓட்டைப் போடுங்க. பார்க்காம போடாதீங்க.

கீழே கருத்து எழுதுங்க, எதிர்த்தும் எழுதலாம். குழுவுல இல்லாத பெற்றோருக்குப் பகிருங்க.


கணினி வகுப்புத் தொண்டர்கள்